ஏஆர்டி மாற்றியபின் வந்த கால் வீக்கம்: என் அனுபவம்

பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. ரொம்ப நாளாகச் சாப்பிட்டு வந்தேன், தொல்லை இல்லை. ஏஆர்டியை, அதாவது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை, இரண்டாம் கட்ட மருந்துக்கு, அதாவது அட்டாசனாவிர் - ரிட்டோனாவிருக்கு மாற்றிய பிறகு கணுக்கால் இரண்டும் வீங்கின. அழுத்தினால் குழி விழும். எழுந்தால் தலை சுற்றும்.

உப்பைக் குறைத்தேன், பலனில்லை. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனை, இதயத்துக்கான எக்கோ எல்லாம் சரி. கண்ணில் மஞ்சள் தெரிந்ததால் கீழாநெல்லியை நீட்டியவர்களும் உண்டு. அந்த மஞ்சள் அட்டாசனாவிர் செய்யும் வேலை, வீக்கத்தோடு சம்பந்தமில்லாதது. வெளி டாக்டரிடம் போனபோது நீர் மாத்திரை எழுதினார்கள், தலைசுற்றல்தான் கூடியது.

விடை மருந்தாளுநரிடம் கிடைத்தது. பிரஷர் சீட்டையும் ஏஆர்டி புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதியைத்தான் முதலில் பார்த்தார். பிரஷர் மாத்திரை தொடங்கியபோது வராத வீக்கம், ரிட்டோனாவிர் வந்ததும் வந்திருக்கிறது. அம்லோடிபினை உடைக்கும் கல்லீரல் நொதியை ரிட்டோனாவிர் தடுக்கும். அதே 5 மி.கி. ரத்தத்தில் கூடுதலாகத் தங்கிவிடும். வீக்கமும் தலைசுற்றலும் அதனால்தான்.

டாக்டர் நீர் மாத்திரையை நிறுத்தி, அம்லோடிபினை 2.5 ஆக்கி, டெல்மிசார்ட்டன் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தார். ஏஆர்டியில் கை வைக்கவில்லை. வீக்கம் வடிந்தது, பிரஷரும் 130/80க்குள் நிற்கிறது. அப்பாடா!

அப்புறம், கொழுப்புக்கு யாராவது சிம்வாஸ்டாட்டின் எழுத வந்தால் ரிட்டோனாவிர் சாப்பிடுவதை உடனே சொல்லிவிடுங்கள். அந்த இரண்டும் சேரவே கூடாது.