எம்.எஸ். ஊசியை வீட்டில் நாமே போட்டுக்கொள்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் என் ஊசிப் பெட்டி இருக்கிறது. மருந்தின் பெயர் கிளாட்டிரமர் அசெட்டேட். மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் (எம்.எஸ்.), வந்து வந்து போகும் வகைக்குக் கொடுப்பது. முதல் ஊசியை நர்ஸ் முன்னால் உட்கார்ந்து போட்டேன்; நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும். அடுத்த ஊசியை வீட்டில் தனியாகப் போடும்போது கை நடுங்கும். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மருந்து அடுத்த தாக்குதல்களைக் குறைப்பதற்கு. ஏற்கனவே இருக்கும் மரமரப்பு இதனால் போகாது. "இத்தனை ஊசி போட்டும் கால் அப்படியே இருக்கே" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இதில் 20 மில்லிகிராம் என்றால் தினமும். 40 என்றால் வாரம் மூன்று முறை, நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடக்கூடாது. எனக்கு 40. திங்கள், புதன், வெள்ளி.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக்கூடாது. வெளியே 15 முதல் 30 டிகிரி வரை ஒரு மாதம் தாங்கும். ஆனால் டர்பனில் ஜனவரி மாதக் கோடையில் சமையலறையை நம்ப முடியாது. லோட் ஷெட்டிங் கடுமையாக இருந்த நாட்களில் பெட்டியைத் துண்டில் சுற்றி, ஐஸ் பேக் நேராகப் படாமல் கூலர் பாக்ஸில் வைத்துப் பழகினேன். இன்றும் கரண்ட் போனால் அதைத்தான் செய்கிறேன்.

சரி, ஊசி போடும் நாள். ஒரு சிரிஞ்சை மட்டும் 20 நிமிடம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்று போட்டால் எரிச்சல் அதிகம். அவசரப்பட்டு வெந்நீரில் போட வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருந்தை வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக, நிறமில்லாமலோ லேசான மஞ்சளாகவோ இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலும் துகள் தெரிந்தாலும் அதைப் போடாதீர்கள். சின்னக் காற்றுக்குமிழி இருந்தால் விட்டுவிடுங்கள்; அதை வெளியேற்றப் போனால் மருந்தும் சேர்ந்து போய்விடும்.

அடுத்து இடம். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வயிறு (தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர் விட்டு), இரண்டு தொடை, இரண்டு இடுப்பின் மேல்பக்கம், இரண்டு மேல்கையின் பின்புறம் என மொத்தம் ஏழு இடங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கரைந்து குழி விழும், அது திரும்ப நிரம்பாமலே போகலாம். கோயில் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் "இ.தொ.", "வ.கை" என்று குறித்து வைக்கிறேன்.

தோலைச் சுத்தம் செய்து காயவிட்டு, இரண்டு விரலால் மடித்துப் பிடியுங்கள். சிரிஞ்சைப் பென்சில் மாதிரி பிடித்து நேராக, 90 டிகிரியில் இறக்குங்கள். நிதானமாக முழுவதும் அழுத்திவிட்டு நேராக வெளியே இழுங்கள். உலர்ந்த பஞ்சை வைத்து லேசாக அழுத்தினால் போதும். "தேய்ச்சுவிடும்மா, கட்டிக்காது" என்று அம்மா இன்னமும் சொல்வார். தேய்க்கவே கூடாது.

சிவப்பு, அரிப்பு, சின்னக் கட்டி வருவது சாதாரணம். சிலருக்கு ஊசி போட்ட சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, படபடக்கும். பெரும்பாலும் 15 நிமிடத்தில் அடங்கும். அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அடங்காமல் கூடினாலோ, முகமோ நாக்கோ வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 10177-ஐக் கூப்பிடுங்கள், செல்போனில் 112. அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம். பல மாதம், ஏன் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் போட்டவர்களுக்கும் வரக்கூடும் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாக எச்சரித்தது. அப்படி வந்தால், டாக்டர் சொல்லும்வரை அடுத்த ஊசி கிடையாது.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: மெடிக்கல் எய்டுகள் (இங்கே தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள்) கட்டாயம் பார்க்க வேண்டிய நாள்பட்ட நோய்களின் பட்டியலில் எம்.எஸ். இருக்கிறது. எந்த மருந்துக்கு எவ்வளவு என்பதை உங்கள் திட்டத்தில் கேளுங்கள்.

போட்டு முடித்த ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட முயலாமல், அப்படியே ஊசிகளுக்கென்று இருக்கும் கெட்டி டப்பாவில் போடுங்கள். குப்பைப் பையில் போனால் அள்ளுபவர் கையில்தான் குத்தும். டப்பா நிரம்பியதும் எங்கே கொடுப்பது என்று மருந்துக்கடையில் கேட்டு, அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.