லினக்ஸ் மேன் பக்கம் ஒன்றைச் சரிபார்த்துத் திருத்துவது எப்படி?

லினக்ஸில் ஒரு கோப்பை மூட க்ளோஸ் என்ற சிஸ்டம் கால் (இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிடம் நிரல் வேலை கேட்கும் அழைப்பு) இருக்கிறது. நடுவில் சிக்னல் குறுக்கிட்டு அது பிழையைத் திருப்பினால், மறுபடியும் க்ளோஸை அழைக்கலாமா? கூடாது என்கிறது அதன் மேன் பக்கம், அதாவது லினக்ஸின் கையேட்டுப் பக்கம். பிழை கைக்கு வருவதற்கு முன்பே லினக்ஸ் அந்தக் கோப்பு எண்ணை விடுவித்திருக்கும். அதற்குள் நிரலின் இன்னொரு த்ரெட் (இணையாக ஓடும் பகுதி) அதே எண்ணில் வேறு கோப்பைத் திறந்திருந்தால், நீங்கள் மூடுவது அந்தக் கோப்பைத்தான். பக்கத்தில் இந்த ஒரு பத்தி தப்பாக இருந்தால், அதை நம்பி எழுதிய நிரல்களில் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறு வரும். அப்படிப்பட்ட கோளாற்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால்தான் இந்தப் பக்கங்களைச் சரியாக வைத்திருப்பது மிக முக்கியமான வேலை என்கிறேன்.

இதற்குக் கெர்னல் நிபுணத்துவம் தேவையில்லை. டெர்மினலும், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியும் கொஞ்சம் தெரிந்தால் போதும். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: பக்கம் யாருடையது என்று பாருங்கள்

எல்லா மேன் பக்கங்களும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கட்டளைகள் உள்ள பிரிவு 1-இல் இருக்கும் எல்எஸ் பக்கம், அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான குனு கோர்யூட்டில்ஸுக்குச் சொந்தம். கட்டளையின் ஹெல்ப் வெளியீட்டிலிருந்து ஹெல்ப்2மேன் என்ற கருவி அதைத் தானாக உருவாக்குகிறது, எனவே பக்கத்தை நேரடியாகத் திருத்திப் பயனில்லை. சிஸ்டம் கால்கள் உள்ள பிரிவு 2, நூலகச் செயல்பாடுகள் உள்ள பிரிவு 3 ஆகியவற்றின் பெரும்பகுதி லினக்ஸ் மேன்-பேஜஸ் திட்டத்துடையது. 2004 முதல் பல ஆண்டுகள் மைக்கேல் கெரிஸ்க் அதைப் பராமரித்தார். அவருக்குப் பின் அலெஹான்ட்ரோ கோலோமார் பொறுப்பேற்றார்.

உங்கள் கணினியில் இருக்கும் பதிப்பு பழையதாக இருக்கலாம். கெர்னல்.ஆர்க் தளத்திலுள்ள திட்டத்தின் கிட் களஞ்சியத்தை க்ளோன் செய்து, நீங்கள் கண்ட தப்பு அங்கே ஏற்கெனவே சரியாகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 2: பக்கம் சொல்வதைச் செய்து பாருங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். கோப்பைப் படிக்கும் சிஸ்டம் காலான ரீட்டின் பக்கத்தில் நோட்ஸ் பகுதியை எடுத்துக்கொள்வோம். ரீட் ஒரே அழைப்பில் அதிகபட்சம் 2,147,479,552 பைட்தான் தரும் என்று அதில் இருக்கும். உண்மையா?

3 ஜிபிக்கு மேல் ரேம் காலியாக இருந்தால், தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையை ஓட்டுங்கள். உள்ளீடு /டெவ்/ஜீரோ, வெளியீடு /டெவ்/நல், பிளாக் அளவு 3ஜி, கவுன்ட் 1. நாம் கேட்டது 3 ஜிபி. ஆனால் டிடி காட்டும் எண், வழக்கமான பிசியில் அதே 2147479552.

சரி, எண் பொருந்திவிட்டது என்று இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சோதனை உங்கள் கணினியைப் பற்றி மட்டுமே பேசும். கெர்னல் மூலநிரலில் இந்த எல்லையின் வரையறையைத் தேடினால், அது முழு எண்ணின் உச்ச மதிப்பை நினைவகப் பேஜின் அளவுக்குக் கீழ்நோக்கி வெட்டியது என்று தெரியும். பேஜ் 4 கேபி என்றால் மேலே பார்த்த எண் வரும். சில ஆர்ம் கணினிகளில் இருப்பதுபோல் பேஜ் 64 கேபி என்றால் எல்லை 2,147,418,112 ஆகிவிடும். ஆக, சோதனையில் சரியாக வந்த வாக்கியமும் எல்லாக் கணினிக்கும் சரியில்லை. சோதனை, மூலநிரல் இரண்டையும் பார்த்த பிறகே பக்கத்தில் கை வையுங்கள்.

அப்புறம், இதே எல்லை ரைட், சென்ட்ஃபைல் இரண்டுக்கும் உண்டு. அந்தப் பக்கங்களையும் திறந்து ஒப்பிடுங்கள்.

படி 3: திருத்துங்கள்

பக்கத்தின் மூலம் வெறும் உரைக்கோப்புதான். புள்ளியில் தொடங்கும் வரிகள் வடிவமைப்புக் குறிகள்: புள்ளி எஸ்எச் பகுதித் தலைப்பு, புள்ளி பி தடித்த எழுத்து, புள்ளி ஐ சாய்வெழுத்து. ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்குவது இத்திட்டத்தின் வழக்கம். அப்படி எழுதினால் எந்த வாக்கியம் மாறியது என்று டிஃப்பில் (பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் பட்டியலில்) பளிச்சென்று தெரியும். மேலே டிஎச் வரியிலுள்ள தேதியைத் தொடாதீர்கள், வெளியீட்டின்போது அது தானாக நிரம்பும்.

பழைய நடத்தை மாறிவிட்டது என்பதற்காகப் பழைய வரியை அழித்துவிடக் கூடாது. பழைய கெர்னலில் வேலை செய்பவர்களும் இதே பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். எந்தப் பதிப்பிலிருந்து என்று சேர்த்து எழுதுங்கள். ஓப்பன் பக்கத்தில் ஓ_டிஎம்பிஃபைல் கொடிக்குப் பக்கத்தில் லினக்ஸ் 3.11 முதல் என்று போட்டிருப்பது நல்ல முன்மாதிரி.

படி 4: பார்த்து அனுப்புங்கள்

கோப்பின் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் போட்டு மேன் கட்டளைக்குக் கொடுத்தால், திருத்திய பக்கம் திரையில் எப்படி வரும் என்று காட்டும். மேன்டாக் கருவியின் லின்ட் முறை குறிகளில் உள்ள தவறுகளைச் சொல்லும்.

ஒரு பேட்ச்சில் (நீங்கள் அனுப்பும் திருத்தக் கோப்பில்) ஒரு விஷயம் மட்டும். மின்னஞ்சலின் பொருள் வரியில் முதலில் பக்கத்தின் பெயர், பிறகு மாற்றம் என்ன என்பது. உடலில் இந்தத் தகவல் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள்: எந்தக் கெர்னலில் எந்தக் கட்டளையை ஓட்டினீர்கள், மூலநிரலில் எந்தக் கோப்பு. பராமரிப்பவர் அதை வைத்துத்தான் சரிபார்ப்பார், அதனால் திருத்தத்தைவிட இந்தக் குறிப்பை அதிகக் கவனத்தோடு எழுதுங்கள். இதை அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு என்று உறுதிசொல்லும் சைன்ட்-ஆஃப்-பை வரியையும் சேர்த்து, கிட் சென்ட்-ஈமெயில் மூலம் அனுப்புங்கள்.

மாற்றம் கேட்டுப் பதில் வருவது சகஜம். திருத்தி, கிட் ஃபார்மட்-பேட்ச்சுக்கு வி2 என்று கொடுத்து மறுபடி அனுப்புங்கள். முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று சிறுகோடுகளுக்குக் கீழே எழுதினால் போதும், அது கமிட் செய்தியில் சேராது.