பெரிய பக்கேஜ் வாங்கினாலும் தூரத்து விண்டோ வேகமாகத் திறக்காது

தூர நாட்டு சேர்வரில் ஓடும் மென்பொருளின் விண்டோவை யாழ்ப்பாணத்து வீட்டு 4ஜி றவுட்டர் வழியாகத் திறந்து வேலை செய்யும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நாங்கள் படித்த காலத்தில் பார்த்த அதே பிழைகளைத்தான் இவர்களும் விடுகிறார்கள். பாஸ்வேர்ட் மாறி அடிப்பது போன்றவை தானாகத் திருந்திவிடும். மற்றதைப் பார்ப்போம்.

வேகம் என்றால் செக்கனுக்கு எத்தனை மெகாபிட் (Mbps) என்று மட்டும் நினைப்பது

எனக்கு இன்றைக்கும் கோபம் வரும் பிழை இதுதான், ஏனென்றால் இதில் காசு போகிறது.

நெல்லியடித் தம்பி ஒருவர் கடைசி வருட புரொஜெக்டுக்கு ஜெர்மனி சேர்வர் ஒன்றில் வரைபடங்கள் வரைந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பில் எக்ஸ்11 ஃபோர்வேர்டிங் (எக்ஸ் விண்டோ முறையில் தூரத்து விண்டோவை அனுப்புவது) போட்டு விண்டோவை இங்கே கொண்டுவந்திருந்தார். மெனுவைக் கிளிக் பண்ணினால் முதலில் வெறும் சாம்பல் பெட்டி வரும். எழுத்து வருவதற்குள் பொறுமையில்லாமல் இன்னொரு கிளிக். வந்த மெனு மூடிவிடும். கடையில் கேட்டதற்குப் பெரிய பக்கேஜ் எடுக்கச் சொன்னார்களாம். ரியூசன் கொடுத்துச் சேர்த்த காசில் எடுத்தார். ஒரு மாற்றமும் இல்லை. "அண்ணை, இன்னும் பெரிசு எடுக்கட்டோ?" என்று வந்து நின்றார்.

பிங் அடித்து, ஒரு சின்னச் செய்தி சேர்வருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்த்தோம். 180 மில்லிசெக்கன். நோய் அங்கேதான் இருந்தது.

எக்ஸ் விண்டோ முறை 1984இல் எம்ஐடியில் பிறந்து, பக்கத்துப் பக்கத்துக் கணினிகளுக்கிடையில் ஓடிப் பழகியது. விண்டோ திறக்கும்போது மென்பொருள் உங்கள் திரையிடம் நிறையக் கேள்விகள் கேட்கும். பல கேள்விகளுக்குப் பதில் வரும்வரை அடுத்த அடி வைக்காது. 300 தடவை அப்படிக் காத்திருந்தால், 1 மில்லிசெக்கன் லானில் (ஒரே கட்டிடத்து வலையில்) அரைச் செக்கன்கூட ஆகாது. 180 மில்லிசெக்கனில் 54 செக்கன். உப்புக்கு ஒருதரம், புளிக்கு ஒருதரம் என்று சந்திக் கடைக்கு ஓடுகிற மாதிரி. றோட்டை அகலமாக்கினால் கடை கிட்ட வராது.

நார்க்கேபிளில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர்தான் போகும். ஜெர்மனிக்கு நேர்கோட்டில் 8000 என்று வைத்தாலும் போய்வர 80 மில்லிசெக்கன். எந்தப் பக்கேஜாலும் அதைக் குறைக்க முடியாது.

ஆகவே அந்தக் கேள்வி பதிலை சேர்வருக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். தூரத்து விண்டோவைக் கொண்டுவரும் மென்பொருள்களான எக்ஸ்பிரா, எக்ஸ்டூகோ, டைகர்விஎன்சி (விஎன்சி வகை) ஆகியவற்றில் ஒன்றை அங்கே போடுங்கள். எக்ஸ்பிராவும் விஎன்சியும் முடிந்த படத்தை மட்டும் அனுப்பும். எக்ஸ்டூகோ தேவையற்ற போக்குவரத்தை இடையிலேயே குறைத்துவிடும். ஒரேயொரு விண்டோ போதுமென்றால் எக்ஸ்பிராதான் என் தெரிவு. தம்பி அதைப் போட்டபின் பழைய பக்கேஜுக்கே திரும்பினார். பக்கேஜ் மாற்ற முதல் பிங் அடியுங்கள். தயவுசெய்து.

கம்ப்ரெஷன் போட்டு டேட்டாவைச் சுருக்கி அனுப்பினால் சரியாகிவிடும் என்பது

டேட்டா குறையும். காத்திருப்பு குறையாது.

இணைப்பு அறாது என்று நம்புவது

கரண்ட் போனால் றவுட்டரும் போகும். வெறும் ஃபோர்வேர்டிங்கில் ஓடும் மென்பொருள், இணைப்பு அறுந்தால் தானும் செத்துவிடும். சேமிக்காத வேலையும் சேர்ந்து போகும். ராத்திரி முழுக்க ஓடவேண்டிய கணிப்பை அப்படி ஓடவிட்டு, காலையில் அழுத முகத்தோடு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். எக்ஸ்பிராவிலும் விஎன்சியிலும் மென்பொருள் அங்கேயே உயிரோடு இருக்கும். கரண்ட் வந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். விண்டோ தேவையில்லாத கணிப்பென்றால், இணைப்பு அறுந்தாலும் கட்டளைத் திரையை சேர்வரில் உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸ் போதும்.

விஎன்சி போர்ட்டை வெளியே திறந்து விடுவது

கூடாது. பழைய முறை விஎன்சி பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துத்தான் கணக்கு. விஎன்சியின் 5901 போர்ட்டை எஸ்எஸ்எச் டனலுக்குள், அதாவது அந்தப் பாதுகாப்பான இணைப்புக்குள்ளால் விடுங்கள்.

முழு டெஸ்க்டொப்பையும் அலங்காரத்தோடு இழுப்பது

வோல்பேப்பர், நிழல், அசைவு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எக்ஸ்எஃப்சிஈ என்ற பாரமில்லாத டெஸ்க்டொப் போதும்.

விண்டோ இல்லாமலே முடிகிற வேலைக்கு விண்டோ திறப்பது

வரைபடத்தைப் பார்க்க மட்டும்தான் என்றால் அங்கேயே பிஎன்ஜி படமாகச் சேமித்து, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க்கில் இறக்குங்கள். திருத்தித் திருத்திப் பார்க்க வேண்டுமென்றால் பிரவுசரில் புரோகிராம் எழுதி ஓடவிடும் ஜூபிட்டரை (Jupyter) சேர்வரில் ஓடவிட்டு, டனல் வழியாக உங்கள் பிரவுசரில் திறவுங்கள்.