சங்கதியும் பாவமும்: ஒரு திரைப்பாடலைப் பயிலும் முறை

திரைப்பாடல் பாடப் பழகுவோரிடம் இரண்டு குறைகள் மாறி மாறிக் காணப்படுகின்றன. சுருதியும் தாளமும் பிசகாமல் எல்லாச் சங்கதிகளையும் (வரியை அழகுபடுத்தும் ஸ்வர வளைவுகளை) பாடி முடித்த பின்னும் கேட்பவர் மனத்தில் எதுவும் தங்காமல் போவது ஒன்று. உருகி உருகிப் பாடி, மேல் ஸ்தாயியில் சுருதியைக் கோட்டைவிடுவது மற்றொன்று. முன்னவரிடம் பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு) போதாது என்றும் பின்னவரிடம் சாதகம் (தொடர்ந்த குரற்பயிற்சி) போதாது என்றும் சொல்லிவிடுகிறோம். இருவருக்கும் தேவைப்படுவது ஒரே பயிற்சிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கே மூச்செடுப்பது, எந்த எழுத்தை அழுத்துவது, எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்துவது என்ற முடிவுகளால் உருவாவதே பாவம். அம்முடிவுகளைக் குரலில் கொண்டுவரும் வலிமையைத் தருவது சாதகம்.

பயிற்சிக்கு, ‘கருத்தம்மா’ (1994) படத்தின் ‘போறாளே பொன்னுத்தாயி’ பாடலை எடுத்துக்கொள்ளலாம். ஏ.ஆர். ரகுமான் இசையில் இப்பாடலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: உன்னி மேனனும் சுஜாதாவும் பாடிய மகிழ்ச்சியான வடிவம் ஒன்று, சுவர்ணலதாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த சோக வடிவம் மற்றொன்று. வரிகளைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூச்சு விழும் இடங்களையும், சொல்லின் கடைசி எழுத்து நீள்கிறதா சட்டென்று நிற்கிறதா என்பதையும் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். சோகம், மகிழ்ச்சி என்று நாம் பொதுவாகப் பெயரிடுபவை எத்தனை சிறிய செயல்களால் ஆனவை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, மெட்டை மறந்துவிட்டு வரிகளைப் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். யார், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்பதை முடிவு செய்துகொண்டு பேசினால், நிறுத்தங்கள் தாமாகவே வரும். அவற்றிலேயே மூச்செடுக்கப் பழக வேண்டும். ‘பொன்னு’ என்றதும் மூச்செடுத்து ‘த்தாயி’ என்று தொடர்ந்தால், ஒரு பெண்ணின் பெயர் இரண்டு ஒலித்துண்டுகளாகிவிடும். அதே சொல்லில் ‘த்தா’ என்னும் இரட்டிப்பையும் கவனியுங்கள். நாக்கு பல்லில் ஒரு கணம் அழுந்தி நின்ற பிறகே ‘தா’ வெளிப்பட வேண்டும். இனிமை கருதி அதை மெலித்துப் பாடுவோர் மிகுதி. அவ்வாறு மெலித்தால் அந்தப் பெயரில் உள்ள ஊர்வாசனை போய்விடுகிறது.

பேச்சு அமைந்தபின், சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு முழு மெட்டையும் அகாரத்தில் (சொற்களை விட்டு ‘ஆ’ என்ற ஒலியில்), விளம்பமாக (மெதுவாக), சங்கதியின்றிப் பாடுங்கள். உச்ச ஸ்வரத்தில் தொண்டை இறுகினால் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ (கட்டை என்பது சுருதியின் அளவு) இறக்கிக்கொள்வதில் எந்தத் தாழ்வும் இல்லை. பிறகு, இசையமைப்பாளர் வைத்த சங்கதிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். போட்டி மேடைகளில் வழக்கமாகிவிட்ட சொந்தப் பிருகாக்களை (அதிவேக ஸ்வர ஓட்டங்களை) மட்டும் தள்ளி வையுங்கள். சொல்லின் பொருளை வளர்க்காமல் தொண்டையின் வேகத்தை மட்டும் காட்டும் சங்கதி, சோகப் பாடலில் கேட்பவரைக் கதையிலிருந்து வெளியே இழுத்துவிடுகிறது.

மிகக் கடினமான பகுதி அழுகை. உண்மையாகவே அழும்போது தொண்டை இறுகுகிறது, மூச்சு துண்டு துண்டாகிறது, சுருதி நழுவுகிறது. ஆகவே பாடகர் அழுதுகொண்டே பாட முடியாது. தொண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒலியைப் பாதியாகக் குறைத்து, சொல்லின் தொடக்கத்தில் சிறிது காற்றைக் கலந்து, கடைசி நெடிலை நடுக்கமின்றி வழக்கத்தைவிடச் சற்று முன்பே விட்டுவிட வேண்டும். அந்த இடத்தில் மைக்கை நான்கு விரற்கடை அளவுக்கு நெருக்கமாகப் பிடியுங்கள். குரல் உயரும்போது ஒரு சாண் விலக்குங்கள். பாடல் முழுவதிலும் இதனை ஓரிடத்தில், மிஞ்சினால் இரண்டு இடங்களில், செய்தால் போதும். ஒவ்வொரு வரியிலும் விம்மினால், கேட்பவர் இரண்டாம் சரணத்திற்குள் மரத்துப்போவார்.

முறையான கர்நாடக இசைப் பயிற்சி இல்லாத எஸ்.பி. பாலசுப்ரமணியம், ராகங்களை அடிப்படையாகக் கொண்ட ‘சங்கராபரணம்’ தெலுங்குப் படப் பாடலுக்குத் தேசிய விருது பெற்றதைச் சுட்டி, உணர்வு இருந்தால் போதும் என்று வாதிடுவோர் உண்டு. அப்படத்திற்கு இசையமைத்த கே.வி. மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி அவருக்கு அப்பாடல்களைப் பயிற்றுவித்தார் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும். வகுப்பில் அமர்ந்து கற்றிராவிட்டாலும், அந்தந்தப் பாடலுக்குரிய உழைப்பை அவர் செலுத்தியே இருந்தார்.

இறுதியாக, எதிரொலியோ, சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூனோ சேர்க்காமல், கரோக்கியும் இல்லாமல், கைபேசியில் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். பாடியபோது நாம் அனுபவித்த உணர்வு, பதிவில் இல்லாத ஒன்றையும் இருப்பதாகக் காட்டிவிடும். பிறகு அப்பாடலை அறியாத ஒருவரிடம் பதிவைக் கொடுத்து, யார் யாரைப் பற்றிப் பாடுகிறார் என்று மட்டும் கேளுங்கள். அவர் தயங்கினால், சங்கதிகளைத் தொடாமல் மூச்செடுக்கும் இடங்களை மாற்றி மீண்டும் பதிவு செய்யுங்கள்.