பழைய மீன்படகைப் பாய்க்கப்பலாக்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் ஒரு தம்பி தன் படகின் படங்களை அனுப்பியிருந்தான். பழைய மரப்படகு. எஞ்சினை இறக்கிவிட்டு, அடியில் இரும்புத் துண்டுகளைப் பரப்பி, மேலே கான்கிரீட் ஊற்றியிருக்கிறான். பார்த்ததும் வயிறு கலங்கியது. என் முதல் படகில் நான் செய்ததும் இதேதான். பெயின்ட், ஆணி, துரு பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நேராக இதற்கே வருகிறேன்.

அளக்காமல் அடிப்பாரம் போடுவது

எஞ்சின், டீசல், ஐஸ், மீன் என்று அடியில் சுமந்து பழகிய உடல் அது. அவை போனதும் படகு மேலெழும். அதன்மேல் பாய்மரமும் ஏறினால் எடையின் மையம் இன்னும் உயரும். படகைக் கவிழாமல் நிறுத்த அடியில் வைக்கும் எடை, அதாவது அடிப்பாரம், வேண்டும்தான். எவ்வளவு, எந்த இடத்தில்?

நான் கண்மதிப்பில் போட்டேன். பாய்மரம் நட்ட அன்று அணியம் (படகின் முன்பகுதி) நான்கு விரற்கடை தாழ்ந்து நின்றது. கான்கிரீட்டை நகர்த்த முடியுமா? மூன்று வாரம் உளி வைத்து உடைத்தேன். அடியில் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்திலேயே ஊறியிருந்தது. ஒரு வங்கில், அதாவது படகின் விலா எலும்பு போன்ற வளைந்த கட்டையில், ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பிடி வரை இறங்கியது. ஐந்து வங்குகளை மாற்ற வேண்டியதாயிற்று. இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் ஒரே நாள் வேலை இதையெல்லாம் தடுத்திருக்கும்.

அதுதான் சாய்வுச் சோதனை. காற்றில்லாத நாளில், அமைதியான நீரில், கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட்டு, எடை தெரிந்த ஒரு பாரத்தைத் தளத்தில் குறுக்கே நகர்த்த வேண்டும். உள்ளே தொங்கும் தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளக்க வேண்டும். அந்த அளவையும் படகு அமிழ்ந்திருக்கும் ஆழத்தையும் கொடுத்தால், கப்பல் வடிவமைப்பாளர் எடையின் மையத்தைக் கணக்கிட்டுவிடுவார்.

சோதித்தால் மட்டும் போதாது, அதன் சொல்லைக் கேட்கவும் வேண்டும். ஸ்டாக்ஹோமில் வாசா என்ற புதிய போர்க்கப்பலின் தளத்தில் 30 பேரைப் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டார்கள். ஆட்டம் தாங்காமல் மூன்றாவது ஓட்டத்தோடு நிறுத்தினார்கள். அப்படியும் 1628 ஆகஸ்ட் 10 அன்று பாய் விரித்தார்கள். சுமார் 1,300 மீட்டரில் கப்பல் மூழ்கியது.

அளந்த பிறகு ஈயக்கட்டிகளைப் போடுங்கள். சாயும்போது உருளாதபடி இறுக்குங்கள். ஆனால் கழற்றி எடுக்க முடிய வேண்டும், வங்குகளுக்குக் காற்றும் பட வேண்டும். தம்பியின் கான்கிரீட் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறதாம். இன்றே வெட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாய்மரத்தைத் தளத்தின் மேல் நிறுத்துவது

பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் பக்கக் கம்பிகளை முறுக்க முறுக்க, பாய்மரம் தன் எடையைப் போலப் பல மடங்கு பலத்தோடு கீழே அழுத்தும். வலை இழுத்த தளத்துக்கு அந்தத் தாங்கும் பலம் கிடையாது. பாரம் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பான ஏராக்கட்டை வரை இறங்க வேண்டும்.

ஆழமில்லாத ஏரா

பக்கக்காற்றில் படகு நண்டு மாதிரி வழுக்கும். பாயைக் கூட்டினால் இன்னும் வழுக்கும். ஏராவை ஆழப்படுத்துங்கள்.

எஞ்சினே வேண்டாமென்பது

1957-இல் மீன்பிடிக் கப்பலாகக் கட்டப்பட்டு, 1989-இல் பாய்மரங்களோடு வெளிவந்த, கிரீன்பீஸ் அமைப்பின் இரண்டாவது ரெயின்போ வாரியர் கப்பலிலும் எஞ்சின் இருந்தது.

மலிவாகக் கிடைக்கிறதென்று பாய் வாங்குவது

பாய்மரத்தின் உயரம் முடிவாகட்டும். அதுவரை வாங்காதீர்கள்.