கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெர்க்லிக்கு: எங்கே சறுக்குகிறது?

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ்கள் என்கிற இரண்டு வருட அரசுக் கல்லூரிகள் 116 இருக்கின்றன. முதல் இரண்டு வருடத்தை அங்கே குறைந்த செலவில் முடித்துவிட்டு, மூன்றாம் வருடம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களான பெர்க்லியிலோ யூசிஎல்ஏவிலோ (லாஸ் ஏஞ்சலஸ்) போய் உட்காரலாம். 1960-ல் மாநிலமே வகுத்த உயர்கல்வித் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. கூபர்டினோ பக்கம் நம்மவர் வீடுகளில் அங்குள்ள கம்யூனிட்டி காலேஜைச் சொன்னால் "டி ஆன்சாவா?" என்று முகம் சுளிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. பிள்ளைகள் சறுக்குவது காலேஜின் பெயரால் அல்ல, திட்டமில்லாமல் படிப்பதால்.

பெரிய தவறு, யூனிட்டை, அதாவது பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்டை, மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது. 60 செமஸ்டர் யூனிட் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். டி ஆன்சா போன்ற குவார்ட்டர் முறைக் காலேஜில் அது 90. ஆனால் அது வாசல்படிதான். மேஜருக்கு, அதாவது நீங்கள் படிக்கப்போகும் முக்கியத் துறைக்கு, வேண்டிய அடிப்படைப் பாடங்களை முடித்திருக்கிறீர்களா, அவற்றில் என்ன கிரேடு என்பதைத்தான் இடம் கொடுப்பவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். இன்ஜினியரிங் என்றால் கால்குலஸ் வரிசை முழுவதும், லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ், கால்குலஸ் சார்ந்த இயற்பியல், பல மேஜர்களுக்குப் புரோகிராமிங்கும். பெரும்பாலும் ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் உட்கார விடுவார்கள். "கொஞ்சம் பழகட்டும்" என்று ப்ரீகால்குலஸில் ஆரம்பித்து, நடுவில் ஒரு செமஸ்டர் கணக்கை விட்டுவிட்டால், இரண்டு வருடத்துக்குள் இந்தச் சங்கிலி முடியாது. கோடை வகுப்பு ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ஆகவே கடைசியில் எடுக்க வேண்டிய பாடத்தை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள்.

அதற்குத்தான் அசிஸ்ட் இணையதளம். உங்கள் காலேஜின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று அதில் மேஜர் வாரியாகப் போட்டிருப்பார்கள். பெர்க்லி கேட்கும் பாடங்களும் யூசிஎல்ஏ கேட்கும் பாடங்களும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். போக நினைக்கும் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். கால்குலஸ் போன்ற தொடர் பாடத்தைப் பாதி இங்கே, பாதி பக்கத்துக் காலேஜில் எடுப்பதும் ஆபத்து, இந்தப் பாடம் அந்தப் பாடத்துக்குச் சமம் என்கிற கணக்கு அறுந்துபோகலாம். கவுன்சிலரைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அசிஸ்ட் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அப்புறம் டேக் (TAG) என்கிற, கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுபவர்களுக்கான இட உத்தரவாதத் திட்டம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஏதாவது ஒன்றில், சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் நிச்சயம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான்டியாகோ இதில் கிடையாது. "எனக்கு பெர்க்லிதான்" என்று இதைப் புறக்கணிப்பது, என்னைக் கேட்டால், வீம்பு. பஸ்ஸில் துண்டு போட்டு ஒரு இடம் பிடித்துவிட்டு, ஜன்னலோர சீட்டுக்கும் முயல்வதில் என்ன நஷ்டம்? செப்டம்பர் மாதம் மட்டும்தான் டேக் விண்ணப்பம். முக்கிய விண்ணப்பம் நவம்பர் கடைசிக்குள். இரண்டும் வேறு வேறு என்பதை மறந்து, செப்டம்பரைக் கோட்டை விடுபவர்கள் உண்டு.

முக்கிய விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரையில் நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 350 சொல்தான் உச்சம். டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு ஒரு கேள்வி கட்டாயம்: மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள்? அதில் போய் ஐந்து வயதில் ரேடியோவைப் பிரித்த கதையை எழுதாதீர்கள். எடுத்த பாடம், செய்த புராஜெக்ட், வேலை பார்த்த இடம் என்று சொல்லுங்கள்.

ஊரில் ஒரு வருடம் இன்ஜினியரிங் படித்து, அரியரோடு விட்டுவிட்டு வந்தவர்கள் அதை மறைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். படித்த எல்லாக் கல்லூரிகளையும், வெளிநாட்டுக் கல்லூரி உட்பட, சொல்லியே ஆக வேண்டும். பின்னால் தெரியவந்தால் கிடைத்த இடமே போய்விடலாம்.

விண்ணப்பம் போட்டதும் வேலை முடியவில்லை. ஜனவரியில் இலையுதிர் பருவ கிரேடுகளையும், வசந்த பருவத்தில் எடுக்கும் பாடங்களையும் புதுப்பிக்க வேண்டும். அனுமதிக் கடிதமும் நிபந்தனைக்கு உட்பட்டதுதான். கடிதம் வந்த சந்தோஷத்தில் ஏப்ரலில் ஒரு பாடத்தைக் கைவிடுகிறவர்கள், அதை உடனே பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கவும் மறந்துவிடுகிறார்கள். ஜூலையில் டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேரும்போது அது எப்படியும் தெரிந்துவிடும்.