வரி உடையும் இடம் இனி உங்கள் கையில்

வேர்டில் தட்டச்சு செய்யும்போது இனிஷியல் ஒரு வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியிலும் போய் நிற்கும், இல்லையென்றால் "25" மேலே, "கிலோ" கீழே. உடனே என்டர் தட்டாதீர்கள், எழுத்துருவின் அளவை மாற்றினாலோ நடுவில் ஒரு சொல் சேர்த்தாலோ அந்த என்டர் பத்தியின் நடுவிலேயே வரியை வெட்டிவிடும். அந்த இடத்தில் சாதாரண இடைவெளியை அழித்துவிட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பார்க்க வெறும் இடைவெளிதான், ஆனால் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டே அடுத்த வரிக்குப் போகும். லிபரே ஆஃபிஸிலும் இதே விசைகள்தான். வேர்டில் ஸ்பேஸுக்குப் பதில் ஹைஃபனை அழுத்தினால் உடையாத ஹைஃபன் கிடைக்கும், தொலைபேசி எண்களுக்கு வசதி.

சரி, நீளமான இணைய முகவரி உடையவே மாட்டேன் என்று அடம்பிடித்தால்? சாய்கோட்டுக்குப் பின்னால் 200 என்று தட்டி, ஒட்டினாற்போல் ஆங்கில B எழுத்தையும் போட்டு, ஆல்ட்டுடன் எக்ஸ் அழுத்துங்கள் (விண்டோஸ் வேர்டில் மட்டும்). அகலமே இல்லாத இடைவெளி அங்கே உட்காரும், தேவைப்பட்டால் வரி அங்கே மடங்கும். ஆனால் அந்த முகவரியை யாராவது நகலெடுத்தால் இதுவும் கூடவே போய் இணைப்பைக் கெடுத்துவிடும், அதனால் அச்சுக்குப் போகும் கோப்பில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. உடையாத இடைவெளி எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 அழுத்தினால் சின்ன வட்டமாகத் தெரியும்.